இன்ஜின் நின்றால் டீ

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருப்பவளுக்கு அது இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது. மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று நான் ஒரு குரல் கொடுத்தால் அந்தக் கோடியில் ஓடுகிற பெண் அப்படியே நிற்பாள். வீட்டில் எனக்கு 'விசில்' என்று பெயர் வைத்தவன் என் அண்ணன். அண்ணியும் அப்படித்தான் கூப்பிடுவாள். என் தொண்டையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அதற்கு ஒரு வேலை வந்தது.

அண்ணன் எனக்கு நேர் எதிர். அவன் பேசினால் பக்கத்தில் இருப்பவர்களே 'என்ன?' என்று கேட்க வேண்டும். அவனும் அண்ணியும் நர்சரி வைத்திருந்தார்கள். சமையலறையை ஒட்டி, மண் கலந்து தொட்டிகளை நிரப்பும் கொட்டகை. அதற்குப் பின்னால் நீளமாக நாற்று வரிசைகள். கடைசியில் மேடைமேல் தண்ணீர்த் தொட்டி, வண்டியில் உட்கார்ந்தபடியே எட்டித் திறக்கும் குழாயோடு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் செடியும் மண்ணும் தண்ணீர் டிரம்மும் இழுக்க ஒரு குட்டி டிராக்டர். யாரோ ஓட்டித் தீர்த்ததை வாங்கி வந்திருந்தான். ஓடும்போது அது போடுகிற சத்தத்துக்கு நாலு டிராக்டருக்கான திமிர் இருக்கும்.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. டிராக்டரை விட்டு இறங்குவதானால் முதலில் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுவான். வழியில் ஒரு தொட்டி சாய்ந்து கிடக்கும். நிறுத்துவான், இறங்குவான், தொட்டியை நிமிர்த்துவான், மறுபடி ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணுவான். 'கஞ்சப் பிசினாறி, பெட்ரோலை மிச்சம் பிடிச்சுக் கோட்டை கட்டப் போறியாண்ணே' என்று நான் கிண்டல் செய்வேன். சிரித்துக்கொள்வானே தவிர பதில் சொன்னதில்லை.

கொட்டகையில் வேலை செய்யும் அண்ணிக்கு அந்தச் சத்தம்தான் கடிகாரம். இன்ஜின் நின்றால் தலையைத் தூக்குவாள். உடனே மறுபடி ஓடினால் குனிந்து வேலையைப் பார்ப்பாள். ஓடவில்லையென்றால் கையைக் கழுவிக்கொண்டு டீக்குத் தண்ணீர் வைப்பாள். அவனுக்கு டீ வேண்டுமென்றாலும், மூட்டைக்கு ஒரு கை பிடிக்க வேண்டுமென்றாலும், சும்மா அவள் பக்கத்தில் வந்து நிற்க வேண்டுமென்றாலும், அவன் செய்வதெல்லாம் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதுதான். இரண்டு பேரும் இப்படியே குடும்பம் நடத்தினார்கள்.

அன்றைக்கு இன்ஜின் வெகுநேரம் நிற்கவே இல்லை. வேலை நன்றாக ஓடுகிறது போல என்று நினைத்துக்கொண்டு அண்ணி தொட்டிகளை நிரப்பியிருக்கிறாள். கடைசியில் சத்தம் இருமி இருமி நின்றது. மறுபடி ஓடவில்லை. டீ போட்டு, இரண்டு டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு போனாள். அண்ணன் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில், டிராக்டர் இருக்கையில், ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். பின்னால் டிரம் நிரம்பி வழிந்து வரிசையெல்லாம் சேறாகியிருந்தது. பெட்ரோல் தீர்ந்துதான் வண்டி நின்றிருக்கிறது. அவன் எப்போதோ போயிருந்தான்.

இதயம், ஒரு நொடியில் முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அண்ணி நம்பவில்லை. "டாக்டருங்க எல்லார் வீட்டிலயும் அப்படித்தான் சொல்வாங்க" என்றாள். அதன்பிறகு அவளிடம் ஒரே கேள்விதான் மிச்சம் இருந்தது. போனில் கேட்பாள், சாப்பிட உட்கார்ந்தால் கேட்பாள், பேச்சின் நடுவில் கேட்பாள்.

"கூப்பிட்டிருப்பாரோ, விசில்?"

இல்லை அண்ணி என்று எத்தனை முறை சொல்லியும் பயன் இல்லை. அந்தச் சத்தத்தில் அவன் இறங்க முடியாமல் தவித்து, வாய்விட்டுக் கூப்பிட்டு, அவள் கேட்காமல் மண் அள்ளிக்கொண்டிருந்தாள் என்பது அவள் மனதில் ஆணி அடித்தது போல இறங்கிவிட்டது. கொட்டகைக்குள் கால் வைப்பதை விட்டாள். நாற்றுகள் காய்ந்தன. மகன் தன் ஊருக்கு வந்து இருக்கச் சொன்னான். அங்கேயும் போகவில்லை, இங்கேயும் இருக்கவில்லை, அப்படி ஓர் இருப்பு. டிராக்டர் நின்ற இடத்திலேயே தார்ப்பாய்க்கு அடியில் மழைக்காலமெல்லாம் கிடந்தது.

வண்டியையாவது பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிடலாம் என்று என் மருமகன் ஒரு நாள் பேச்செடுத்தான். அண்ணன் மகன் அவன். ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிற வேலை, அம்மாமேல் உயிர், பொறுமை மட்டும் எங்கள் குடும்பத்துப் பொறுமை. அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ஓட விடு. அது பக்கத்துல நின்னு யாராவது என்னைக் கூப்பிடுங்க. நான் கொட்டகையில இருக்கேன். கேக்குதான்னு பாக்கணும்."

 கேட்டால் நல்லது. அவன் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தால் இவளுக்குக் கேட்டிருக்கும் என்று ஆகிவிடும். கேட்காவிட்டால்? இந்தக் கேள்வியை இவள் சாகும்வரை சுமக்க வேண்டியதுதான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

மெக்கானிக்குக்கு அந்த வட்டாரத்தில் 'பிளக்கு' என்று பெயர். எந்த வண்டி எந்தக் கோளாறோடு வந்தாலும் 'பிளக்கைப் பாத்துடுவோம்' என்றுதான் ஆரம்பிப்பார். ஸ்கூட்டரும் தண்ணீர் மோட்டாரும் அவர் கைக்கு வரும். இந்த மாதிரி வண்டியைத் தொட்டதில்லை என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். ஆனால் அண்ணனைத் தெரியும், அதனால் வந்தார்.

தார்ப்பாயை எடுத்தோம். சக்கரங்கள் காற்றிறங்கி மண்ணுக்குள் புதைந்திருந்தன. சாவி போட்டது போட்டபடி இருந்தது, பேட்டரி செத்திருந்தது. இருக்கையில், அண்ணன் மெத்தைக்காக நாலாக மடித்துப் போட்டிருந்த சாக்கு. நடுவில் இன்னும் பள்ளமாக இருந்தது. பிளக்கு அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இருக்கைக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனார். அதில் உட்காரக் கூடாது என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.

காற்றடித்து, மண்வெட்டியால் சக்கரத்தைச் சுற்றித் தோண்டி, மூன்று பேரும் தள்ளினோம். அசைந்து கொடுக்கவில்லை. டிரம்முக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்தியபோது அண்ணன் போட்ட பிரேக் துருவேறி அப்படியே கவ்வியிருந்தது. பிளக்கு எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, ஊறட்டும் என்று விட்டார். சாயங்காலம் மறுபடி தள்ளினோம். முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி, நான் மைதானத்தில் கயிறு இழுக்கும் பெண்களை ஏவுகிற மாதிரி "தள்ளு! விடு! தள்ளு!" என்று கத்த, திடீரென்று 'டக்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் உருண்டது. மருமகன் சேற்றில் குப்புற விழுந்தான். எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அப்பா போன பிறகு அவன் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் இன்ஜின். விசிறி மூடிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. அதை அள்ளிக் கொட்டினோம். டாங்க் காய்ந்து சுத்தமாக இருந்தது. பெட்ரோல் கிடந்திருந்தால் பிசினாகி எல்லாவற்றையும் அடைத்திருக்கும், முழுசா எரிஞ்சு தீர்ந்ததால தப்பிச்சுது என்று பிளக்கு சொல்லிக்கொண்டே வந்தவர், என்ன சொல்கிறோம் என்று புரிந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். கார்பரேட்டரைக் கழற்றி ஊதினார். புது பேட்டரி, புது பெட்ரோல், புது ஆயில். புது பிளக்கும்தான், சொல்ல வேண்டியதில்லை.

பிறகு நாங்கள் நின்ற கோலத்தை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். மருமகன் தரையில் மண்டியிட்டு பெடலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் இந்தப் பக்கம் நின்று சோக்கை இழுக்க வேண்டும். பிளக்கு அந்தப் பக்கத்திலிருந்து எக்கிச் சாவியைத் திருப்ப வேண்டும். நடுவில் இருக்கை காலியாக இருக்கும். இன்ஜின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றி இரும்பில் வைத்துப் பார்த்தார். பொறி வரவில்லை. இன்னொரு பிளக் போட்டார். வரவில்லை. ஒயரைத் தடவினார், பொறிக்கு மின்சாரம் தருகிற காயிலைச் சுரண்டினார். பொழுது சாயும்வரை மல்லுக்கட்டினோம்.

"காயில் போயிருக்கு டீச்சர். இந்த மாடலுக்கு இப்ப கிடைக்காது. பிளக்கு மட்டும் என்ன பண்ணும்" என்று கையைத் துடைத்தார்.

"அப்ப இரும்புக்காரனுக்குப் போன் பண்ணிடறேன்" என்றான் மருமகன்.

அண்ணி அவ்வளவு நேரமும் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே போனாள். அவள் முதுகைப் பார்த்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. மெக்கானிக்மேல், மருமகன்மேல், சொல்லாமல் கொள்ளாமல் போன அண்ணன்மேல். கையில் கிடைத்தது டிராக்டர்.

"ஏன், எங்க அண்ணனை மட்டும்தான் சுமப்பியா நீ? நாங்கல்லாம் மனுஷங்களாத் தெரியலையா உனக்கு?" என்று கத்திக்கொண்டே ஏறி, அந்தச் சாக்கின்மேல் பொத்தென்று உட்கார்ந்தேன். மருமகன் "அத்தை!" என்றான். பெடலை மிதித்துச் சாவியைத் திருப்பினேன்.

பிடித்துக்கொண்டது. கரும்புகையைக் கக்கி, ஒரு முறை அதிர்ந்து, பழைய திமிரோடு உறுமியது. பிளக்கு துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களா? புது பிளக்கு! சூடேற நேரம் எடுத்திருக்கு!"

அண்ணி வாசலுக்கு வந்துவிட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எங்களை நோக்கிக் கையால் சாடை காட்டினாள். இருங்கள், நான் போகிறேன் என்று. அத்தனை மாதங்களாகக் கால் வைக்காத கொட்டகைக்குள் போனாள்.

நான் கூப்பிட்டேன். "அண்ணீ!"

தொண்டை நரம்பு புடைக்க மறுபடி கூப்பிட்டேன். மைதானத்தில் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படி. மருமகனும் பிளக்கும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கொட்டகைக் கதவு திறந்தே இருந்தது. அங்கே நிழல்கூட அசையவில்லை. மனசுக்குள் என்னென்னவோ ஓடியது. அண்ணனுடைய அந்தப் பூனைக் குரல் இந்த இடத்திலிருந்து கிளம்பியிருந்தால் எதுவரை போயிருக்கும்? இரண்டாவது வரிசையைத் தாண்டியிருக்காது. நான் அழுதுகொண்டே கத்தினேன்.

வெகுநேரம் கழித்து அண்ணி வெளியே வந்தாள். வரிசைகளின் நடுவே நடந்து வந்தாள். பக்கத்தில் வந்த பிறகுதான் அவள் உதடு அசைவது தெரிந்தது.

"கூப்பிட்டியா? கேக்கலையே. ஒண்ணுமே கேக்கலையே, விசில்."

அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். நான் டிராக்டரிலிருந்து குதித்தேன்.

சத்தம் பட்டென்று அறுந்தது.

எல்லாப் பக்கமும் அமைதி. மேடைமேல் தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. நான் அண்ணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். யாரும் சாவியைத் தொடவில்லை.

"பிளக்கு..." என்று ஆரம்பித்தார் மெக்கானிக். பிறகு ஏதோ தோன்றி நிறுத்தினார். "டீச்சர், இன்னொரு தடவை ஏறி உக்காந்து போடுங்க."

ஏறினேன், ஓடியது. இறங்கினேன், நின்றது. மறுபடி ஏறினேன், ஓடியது. சற்றே எழுந்து நின்றதற்கே செத்தது. அவர் சாக்கைப் பயபக்தியோடு எடுத்து மருமகன் கையில் கொடுத்துவிட்டு இருக்கையை நிமிர்த்தினார். அடியில் ரப்பர் மூடி போட்ட ஒரு சின்ன சுவிட்ச். இரண்டு ஒயர்கள் இன்ஜினுக்குப் போயின.

"ஆள் பாரம் இருந்தாத்தான் பொறி வரும். எழுந்தா கட். ஓட்றவன் தவறி விழுந்துட்டா வண்டி தானா நிக்கட்டும்னு கம்பெனிக்காரன் வெச்சிருக்கான். ரெண்டு நாளா நாம யாரும் உக்காரலை, அதான் இந்தப் பாடு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு அண்ணனின் கஞ்சத்தனம் புரிந்தது. எப்படியும் இறங்கினால் நிற்கப் போகிற வண்டி. அதுவாக நிற்பதற்கு முன் அவன் மரியாதையாக நிறுத்திவிட்டு இறங்கினான், அவ்வளவுதான். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறவன் டிரம் நிரம்பும்வரை ஏன் ஓடவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பான்? இத்தனை வருடம் கேலி செய்த எனக்கு இது ஒரு நாளும் உறைக்கவில்லை.

அண்ணி ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையை விட்டுவிட்டுத் தானே நின்றாள்.

"எழுந்தா நின்னுடுமா?"

"நின்னுடும்மா."

"கொஞ்சம் எழுந்தாலும்?"

"அரைகுறையா எழுந்தாலே போதும்."

"அன்னிக்கு நிக்கவே இல்லையே" என்றாள் அண்ணி. மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "பெட்ரோல் தீர்ற வரைக்கும் நிக்கலையே. நின்னா எனக்குத் தெரியுமே. நான் தலையைத் தூக்கிப் பாத்திருப்பேனே. அப்ப அவர் எழுந்துக்கவே இல்லை."

மருமகன் சாக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். "உக்காந்தபடியே கூப்பிட்டிருந்தா...?" என்று அவளே கேட்டாள்.  அவன்தான் சொன்னான்.

"அப்பா என்னிக்கும்மா வாயால கூப்பிட்டிருக்கார்? சாவியைத் திருப்பியிருப்பார். கைக்குப் பக்கத்துல இருந்துச்சு. அது போட்டபடிதான் இருந்துச்சு."

அண்ணி அவன் கையிலிருந்து சாக்கை வாங்கினாள். இருக்கையைத் தாழ்த்தி அதன்மேல் விரித்தாள். பள்ளம் இருந்த பக்கம் மேலே வரும்படி பார்த்து விரித்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த வண்டியை ஓட்டத் தெரியாது. பிளக்கு பெடலைக் காட்டினார், அவள் சாவியைத் திருப்பினாள், ஓடியது.

"நீங்க எல்லாரும் போங்க. விசில், நீ கொட்டகையில இரு" என்றாள்.

பிளக்கும் மருமகனும் பழைய சாமான்களைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போனார்கள். நான் கொட்டகைக்குள் போனேன். பாதி நிரப்பிய தொட்டிகள் அப்படியே இருந்தன. மண் கல்லாக இறுகியிருந்தது. சும்மா நிற்க முடியாமல் ஒரு தொட்டியை எடுத்து மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தேன். வெளியே சத்தம் சீராக ஓடியது. கொஞ்ச நேரத்தில் அது காதிலேயே விழவில்லை. வேலை நன்றாக ஓடுகிறது என்று இங்கே இருப்பவளுக்குத் தோன்றுவதில் தப்பே இல்லை. அண்ணிமேல் எனக்கும்கூட உள்ளுக்குள் ஒரு கேள்வி இருந்தது என்பதே அந்தக் கேள்வி போன பிறகுதான் தெரிந்தது.

இன்ஜின் நின்றது.

என் தலை தானாக நிமிர்ந்தது. மறுபடி ஓடுமா என்று பார்த்தேன். ஓடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போய் டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

இரண்டு டம்ளர்களோடு வரிசையின் கோடிக்கு நடந்தேன். அண்ணி இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் ஈரம். ஒரு கை இன்னும் சாவியின்மேல் இருந்தது. டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் கூப்பிடவே இல்லையே."

"நின்னது கேட்டுச்சு அண்ணி."

டம்ளரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. சூட்டோடு இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தண்ணீர்த் தொட்டியையே பார்த்தாள்.

"நிறுத்தியிருந்தா நான் வந்திருப்பேன்ல?" என்றாள்.

"ஓடி வந்திருப்பீங்க" என்றேன்.